ரெண்டாவது கியரைப் பிடித்த கை

பழைய வண்டிகளின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். கச்சிராயபாளையம் ரோட்டில் பட்டறை. இன்ஜின் வேலை பார்க்கிறவர்கள் வண்டிக்காரரோடு நிறையப் பேசவேண்டும், சத்தம் எப்படி, புகை எப்படி என்று. கியர்பாக்ஸை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டால் அவ்வளவு பேச்சு தேவையில்லை. மூடியைத் திறந்தால் கெட்டது எது என்று கண்ணுக்கே தெரியும். பேசக் கூச்சப்படுகிற எனக்கு இந்த வேலை அமைந்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒரு ஜீப் விஷயத்தில் வாயைத் திறக்காமல் முடியவில்லை.

வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் ஒரு ஊரிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கீழே வரும் வண்டி அது. வயது கிட்டத்தட்ட என் வயது. ஓட்டுகிறவர் என்னைவிடப் பெரியவர். பக்கத்து சீட்டில் எப்போதும் அவர் மனைவி இருப்பார். இறக்கத்தில் ரெண்டாவது கியர் நிற்காமல் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போய்விடுகிறது, அதுதான் கோளாறு. மலை இறங்கும்போது கியர் கழன்றால் பிரேக் ஒன்றுதான் துணை. பாதி வழியிலேயே அது சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். அதனால் மலை வண்டிக்காரர்கள் சிலர் டியூப் ரப்பரால் கியர் லீவரை இழுத்துக் கட்டி வைப்பார்கள். இந்த ஜீப்பில் அதை மனைவிதான் பிடித்துக்கொண்டு வருவார். உச்சியில் வலது கையை வைத்தால் அடிவாரம் வந்துதான் எடுப்பார்.

"இந்தக் கை இல்லன்னா இவுரு வண்டி நேரா கோமுகி டேம்லதான் போய் நிக்கும் தம்பி" என்றார் அந்த அக்கா.

"கைய மட்டும் கழட்டிக் குடுத்துட்டு வூட்ல இரேன். கூடவே அந்த வாயும் எதுக்கு வருது? வழி பூரா லொடலொடன்னுகினு" என்றார் கணவர்.

அவர் டீ குடிக்கப் போனதும் அந்த அக்கா என் அருகே வந்தார்.

"தம்பி, லீவர் புடிக்கத்தான் அந்த சீட்டு எனக்கு. இல்லன்னா ரெண்டு ஆள ஏத்திக்குவாரு. டவுன்ல எம் பொண்ணு கீது. வாராவாரம் போய்ப் பாக்கறேன்னா இத்த வச்சித்தான். பஸ்ஸ நம்பிக்கினு இருந்தா மாசம் ஒரு தபாகூட பாக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "நல்லாவே செய்யி. அரகொறையா வுடுன்னு நான் சொல்லல."

சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். லீவரை இழுத்தால் உள்ளே ஒரு கவை போய் கியரைத் தள்ளும். எங்கள் பேச்சில் ஃபோர்க். தள்ளி முடித்ததும் அது கியரின் காடிப் பள்ளத்தில் உரசாமல் சும்மா இருக்கவேண்டும். கியர் இடம் மாறாமல் பிடித்து நிறுத்துவது ஒரு ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டும். இந்த வண்டியில் முதலில் தளர்ந்தது ஸ்பிரிங். அதற்காகக் கையால் லீவரைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிடிக்கப் பிடிக்க, சுற்றுகிற கியரோடு ஃபோர்க் ஓயாமல் உரசி, ஒரு பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்ததால் கியர் இன்னும் சுலபமாகக் கழன்றது. கழன்றதால் அக்கா இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

புது ஸ்பிரிங் போடலாம். சேலத்துப் பழைய சாமான் கடையில் தேய்மானமில்லாத ஃபோர்க் ஒன்றும் கிடைத்தது. ஆனால் திரும்பவும் லீவரில் கையை வைத்தால் அதுவும் இதே கதிதான். ஆகவே வைக்கக்கூடாது என்று நான் சொல்லியாகவேண்டும். சொன்னால் அந்த சீட் போய்விடும். பேரிங்கைக் கழுவும்போதும் பல் விளிம்புகளை விரலால் தடவிப் பார்க்கும்போதும் எனக்கு அந்த நினைப்பே ஓடியது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் அந்த இறக்கத்தில் பின்சீட் நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

வண்டி எடுக்க இருவரும் வந்த அன்று, பழைய ஃபோர்க்கை அவர்களிடம் காட்டினேன்.

"இனிமே லீவர யாரும் புடிக்கக் கூடாதுங்க. புடிச்சா புதுசும் இப்பிடித்தான் ஆயிடும்."

அக்கா அதை வாங்கித் தேய்ந்த பக்கத்தைத் தடவினார். "அப்ப இத்தினி வருசமா நானாத்தான் தேச்சிக்கினு வந்தனா?"

"மொதல்ல ஸ்பிரிங்குதான்…" என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

"பாத்தியா, வாயால என்னியத் துன்ன, கையால வண்டியத் துன்னுட்ட" என்று கணவர் சிரித்தார். "இனிமே வூட்லயே இரு. அந்த எடத்துல ரெண்டு ஆளு குந்தும்."

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் அக்கா அன்று ஃபோர்க்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மலை இறக்கிப் பார்க்காமல் நான் வண்டியை ஒப்படைப்பதில்லை. கியர்ச் சத்தம் கேட்க நான் முன்னால் உட்காரவேண்டும். யாரும் சொல்லாமலே அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். மேலே போய்ப் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறக்கம் தொடங்கியதும் கணவர் ரெண்டாவது கியர் போட்டார். லீவர் அசையவில்லை. குழிகளில் வண்டி குதித்தபோதும் அது அதே இடத்தில் நின்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஆனால் வண்டி சரியாக ஓடவில்லை. இடதுபக்கம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் அவர் தேவைக்குமேல் பிரேக் மிதித்து, ஏறக்குறைய நிறுத்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். மூன்றாவது முறை அப்படிச் செய்தபோது என்மேல் பாய்ந்தார்.

"இன்னா மேஸ்திரி, வாயில கொழுக்கட்டையா? வண்டி வருதா இல்லியான்னு சொல்ல மாட்டியா?"

நான் திகைத்துப்போனேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அந்தத் தம்பியப் போய்க் கேக்கறியே! அது பேர் கேட்டாவே யோசிச்சித்தான் சொல்லும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடது வளைவில் மடங்கிக் கீழே போகும் ரோடு வலதுபக்கம் இருக்கும் ஓட்டுநருக்குத் தெரியாது, இடது சீட்டில் இருப்பவர் கதவோரம் கீழே பார்த்தால்தான் எதிரே வருவது முன்கூட்டியே தெரியும். இத்தனை வருடமும் அக்கா லீவரைப் பிடித்தபடியே "பஸ் வருது", "காலி, வுடு", "மாடு நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். வழி பூரா லொடலொடப்பு என்று கணவர் சொன்னது அதைத்தான்.

அடுத்த வளைவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏம்மே, முன்னால வா."

"எதுக்கு? லீவர்தான் நிக்குதே."

"வான்னா வா."

"ரெண்டு ஆளு குந்தற எடம்னு சொன்ன?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து வந்த ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டு எங்களைக் கடந்து போனது.

"எனக்குத் தெரியலமே" என்றார். "அந்தப் பக்கம் இன்னா வருதுன்னு எனக்குத் தெரியல."

நான் இறங்கிப் பின்னால் போய்ப் புளி மூட்டைமேல் உட்கார்ந்தேன். அக்கா முன்னால் ஏறிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் அவர் வலது கை பழக்கத்தில் லீவர் பக்கம் போனது. நான் இருமினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"காலி, வுடு" என்றார். வண்டி வளைவில் தயங்காமல் திரும்பியது.

இப்போதும் வாரத்துக்கொரு நாள் என் பட்டறையைத் தாண்டி அந்த ஜீப் போகிறது. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். முன்சீட்டில் அக்கா மட்டும், மடியில் மகளுக்குக் கொண்டுபோகும் பையோடு. கியர்பாக்ஸ் இதுவரை திரும்பி வரவில்லை.