பிறந்த ஊருக்குத் திரும்பி வர ஒரு விசா

இந்தியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வெளிநாட்டவர், வெளியே போய்த் திரும்ப நினைத்தால், புறப்படும் முன்பே ரிட்டர்ன் விசா வாங்க வேண்டும். குடியிருப்பு அனுமதி இங்கே இருப்பதற்கு மட்டும்தான். வெளிநாட்டவர் பதிவுப் பிரிவில் இருந்தவரை இதை நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். கேட்டவர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கு விதியைப் பிடிக்கும்.

காரைக்காலில் அது யார் மீது பாயும் என்பதுதான் விசேஷம். பாத்திரக்கடை மைதீன் பாய் இதே ஊரில் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து ஊர் இந்தியாவுக்குக் கைமாறியபோது அவருடைய வாப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார், கைக்குழந்தையாக இருந்த பாயும் பிரெஞ்சுக்காரரானார். பிரான்சை அவர் பார்த்ததில்லை. பக்கத்திலிருக்கும் நெரவியைத் தாண்டிப் போவதே அபூர்வம்.

கொழும்பில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்காவுக்கு இதய ஆபரேஷன்.

"பொழைக்கிறது பாதிக்குப் பாதிதானாம் சார். அதுக்கு முன்னாடி லாத்தா மொகத்தப் பாத்துடணும்."

பிரெஞ்சு பாஸ்போர்ட்டின் பேரில் இலங்கை அனுமதி கொடுத்துவிட்டது. திரும்பி வரத்தான் வழியில்லை. ஆன்லைன் படிவத்தைத் தானே நிரப்பி, அச்செடுத்துக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு வந்த தேதி என்ற கட்டத்தில் பிறந்த தேதி. வந்து இறங்கிய இடம்: காரைக்கால், பிரசவ ஆஸ்பத்திரி.

"என்ன பாய், கப்பல்லயா வந்து எறங்குனீங்க?"

"உம்மா வயித்துலேருந்து சார். வேற வழியா வரல."

கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. "ஏஜெண்ட்கிட்ட போங்க. ஏதாவது ஒரு ஏர்போர்ட், ஒரு தேதி போட்டு முடிச்சிருவான்" என்றேன். முப்பது வருட சர்வீஸில் விதியையே ஒப்பித்த நான் சொன்ன யோசனை அது.

"பொய்ய எழுதிட்டுப் போயி லாத்தா முன்னாடி எப்படி சார் நிப்பேன்? நெசத்தத்தான் எழுதியிருக்கேன். திருத்த மாட்டேன்."

தவறான தகவல் என்று திருப்பி அனுப்பப் பேனாவை எடுத்தேன். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் இளநிலை எழுத்தர் கயல்விழி படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல என்ன சார் தப்பு?"

"ஆஸ்பத்திரி எப்பம்மா துறைமுகமாச்சு?"

"அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காரு. கேள்விதான் சார் ஆளு மாறி வந்திருக்கு."

அன்றே பழைய பிரெஞ்சுப் பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்றின் நகல் எடுத்தாள். வாப்பாவின் குடியுரிமை அறிவிப்பையும் சேர்த்து, மேலே ஒரு குறிப்பு வைத்தாள்: "மனுதாரர் எங்கிருந்தும் வரவில்லை. ஆகவே வந்த விவரம் இல்லை. தந்த தகவல் உண்மை." பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிப் பெயர் வாங்கிய நான், ஒரு சொல்லையும் அடிக்காமல் கையெழுத்திட்டேன்.

மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேள்வி வந்தது: வருகை விவரம் தெளிவாக இல்லை. இரண்டு முறையும் அதே மூன்று வாக்கியங்களையே அனுப்பினாள். பிறகு மேலிடத்து அதிகாரியைப் போனிலும் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்த புள்ளைக்கு இமிகிரேஷன் முத்திரை யாரு சார் குத்துவாங்க? நர்ஸம்மாவா?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. அந்த அலுவலகத்துக்கும் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

விதி தெரிந்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அது எதற்காக எழுதப்பட்டது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. படிவத்தில் இடமில்லாத உண்மை வந்தால் உண்மையைத் திருத்தாதீர்கள். ஒரு தாளைக் கூடுதலாக இணையுங்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஆபரேஷன் சனிக்கிழமை காலை. திருச்சியிலிருந்து விமானம் வெள்ளிக்கிழமை. ரிட்டர்ன் விசாவுக்கு அனுமதி வந்தது வியாழக்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு.