கண்ணாடிக்குள் பூட்டிய ரபீக் மாமாவின் கணினி

ரபீக் மாமா தன் கையால் கல்லூரிக்குக் கொடுத்த கணினியை, சாவதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கக் கேட்டார். கல்லூரி திறந்துவிடவில்லை. அது தவறு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

செய்தி காலையில் வந்தது. என் ரிப்பேர் கடையில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தேன். அவர் மகள் நூர்ஜகான் போனில், "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. அஸருக்கு அடக்கம்" என்றாள். அஸர் என்றால் பிற்பகல் தொழுகை; மிக்ஸியை அப்படியே போட்டுவிட்டு அதற்கு முன்பே பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் தட்டச்சுப் படித்த உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். வராதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மாமா தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, தோல் வாடை பிடிக்காமல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தவர். எங்களுக்குள் மாமா, மாப்ள என்றுதான் பேச்சு. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மைத்துனர் அந்தக் கணினியைக் கொண்டுவந்தார். பயணப் பெட்டி அளவு இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் திரை, பச்சை எழுத்து, பக்கத்தில் பிளாப்பித் தட்டு செருக இரண்டு வாய். பேட்டரி கிடையாது. பிளாப்பியைச் செருகினால்தான் விழிக்கும். கரண்டு போனால், சேமிக்காததெல்லாம் போய்விடும். கைப்பிடி இருந்ததால் எடுத்துச் செல்லும் கணினி என்று பெயர். "தூக்கிட்டுப் போலாம், அம்புட்டுத்தான். தூக்குறவன் சாப்ட்டிருக்கணும்" என்பார்.

இன்ஸ்டிடியூட்டுக்கு வரமுடியாதவர்களுக்காக அதை ஊர் ஊராகத் தூக்கிப் போனார். ஒரு தடவை நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். பெட்டி அவர் மடியில். கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், தையல் மிஷினா? லக்கேஜ் போடணும்."

"எழுதுற மிஷினுய்யா."

"அப்பத் தைக்காதா?"

"உன் வாய வேணாத் தைக்கும்."

பக்கத்து சீட்டில் ஒரு பூக்கார அம்மா மல்லிகை மூட்டை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். மாமா சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, திண்டுக்கல் வரை பனியனோடு வந்தார். நான் சிரித்தேன். "சட்டை நனைஞ்சா காஞ்சிரும் மாப்ள. இது காஞ்சாலும் பொழைக்காது" என்றார்.

ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில் வகுப்பு நடந்தது. அந்த வீட்டு மருமகள் ஒரு பக்கம் முழுக்க அடித்து முடிக்கும்போது கரண்டு போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. "போனது எழுத்துதாம்மா. வெரலு பழகிருச்சுல்ல, அது போகாது" என்றார் மாமா. தோப்புக்காரர், "ஏனுங்க பாய், கரண்டு இல்லீன்னா இது வெறும் பொட்டிதானுங்களா?" என்று கேட்டார். "கரண்டு இருந்தாலும் ஆளு தொடாட்டி வெறும் பொட்டிதாங்க" என்றார். வெறும் பேச்சு இல்லை அது. கை கழுவாமல் வருகிறவர்களையும் அவர் விரட்டியதில்லை. துடைக்கத் துணி கொடுப்பார்.

இன்ஸ்டிடியூட்டை மூடியபோது கணினியைக் கல்லூரிக்குக் கொடுத்தார். நானும் உடன் இருந்தேன். வாரம் ஒரு தடவை போட வேண்டும், பிள்ளைகள் தொட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். கரண்டு பார்க்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் கெட்டுப்போகும். முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. ஓர் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தவர்கள் பிளாப்பி வாயிலும் அப்பிவிட்டார்கள். மாமா போய்ச் சுத்தம் செய்தார். "நெத்தின்னு நெனச்சு வாயில வச்சுட்டாங்க" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு, பாதுகாப்பு என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டி செய்து பூட்டினார்கள். 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையும் வைத்தார்கள்.

உடம்புக்கு முடியாமல் போன பிறகு, ஒரு தடவை அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் இருந்தவர், "சாவி துறைத்தலைவர் சார் வீட்டுல இருக்குய்யா. அவரு லீவு. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"ஒரு சுவிட்சப் போட லெட்டரா?" என்று நான் சத்தம் போட்டேன்.

மாமா என் கையைப் பிடித்தார். "விடு மாப்ள. சாவி அவன்ட்ட இல்ல."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "வயரக் கூடச் சுத்திக் கட்டிட்டாங்க" என்றார். அடுத்த தடவை போக உடம்பு இடம் கொடுக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர், அவர் தந்த பொக்கிஷத்தைப் பொத்திப் பாதுகாக்கிறோம் என்று பேசினார். அவருக்குத்தான் இது. கண்ணாடிப் பெட்டியை முதல்வர் அகற்ற வேண்டும். சாவியைத் துறைத்தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. யாரும் அவசரப்பட்டு பிளக்கைச் செருக வேண்டாம். கெப்பாசிட்டரை நான் வந்து பார்த்த பிறகுதான் கரண்டு கொடுக்க வேண்டும். மாமாவிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு நாள் போய், தங்கள் பெயரையாவது அதில் அடிக்க வேண்டும். ஆயக்குடியில் எழுத்தைப் பறிகொடுத்தவர் முதலில் அடிக்கட்டும்.

அடக்கம் முடிந்ததும் நூர்ஜகான் ஓர் உறையைத் தந்தாள். அத்தா தரச் சொன்னது என்றாள். உள்ளே, கணினியை விழிக்க வைக்கும் பிளாப்பியின் நகல். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். பெட்டியைத் திறக்கிற அன்று நானே கொண்டுவந்து செருகுவேன். கண்ணாடிக்குள் வைக்கக் கேட்டால் தரமாட்டேன்.