சட்ரஸுக்கு அடியில்

நெரவி கலைவாணனைத் தெரியாதவர்களும் காரைக்கால் ஜவுளிக்கடை மாடிப்படியில் அவனைப் பார்த்திருப்பார்கள். துணிக்கட்டு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்குக் கீழே இரண்டு கால் தெரியும். அந்த ஆள்தான். முதலாளி கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்", முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த பெண் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்". இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சி உண்டா என்று அவன் பெண்டாட்டி தாமரைச்செல்வியே அலுத்துக்கொள்வாள்.

அந்த வாயில்லாப் பூச்சிக்கு வருஷத்தில் ஒருநாள் பேய் பிடிக்கும். ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற நாள்.

கடைமடை ஊர் இது. மேலே இருக்கிற ஊரெல்லாம் குடித்து மிச்சம் வைத்ததுதான் இங்கே வந்து சேரும். அதற்காக வரவேற்பில் குறைவைக்க முடியுமா? பெண்கள் மஞ்சளும் பூவுமாகச் சட்ரஸ் பாலத்துக்குப் போவார்கள். ஆற்றை மறிக்கிற இரும்புப் பலகைகளுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றைத் திறந்து மூடுகிற லஸ்கர் பூமிநாதன் சக்கரத்தைச் சுற்றி ஒரே ஒரு பலகையைக் கொஞ்சமாகத் தூக்குவார். தேங்கி நிற்கிற தண்ணீர் அந்தச் சந்தில் இரைந்துகொண்டு பாயும். குங்குமம் வைத்த வாழைக்கட்டை ஒன்றைக் கழியால் அழுத்தி உள்ளே தள்ளுவார். கட்டை மறுபக்கம் முழுசாக வந்தால் மனுஷன் போகலாம். சிதைந்து வந்தால் யாரும் இறங்கக்கூடாது. ஊர்க்கட்டு அது. கட்டை முழுசாக வந்ததும் கலைவாணன் குதிப்பான். அந்தப் பக்கம் முங்கி, இரும்புக்கு அடியில் நுழைந்து, இந்தப் பக்கம் தலை தூக்குவான். அதுவரைக்கும் செல்விக்கு மூச்சு ஏது?

மேலத்தெரு ராஜ்மோகனும் ஒரு வருஷம் இப்படி நுழைந்தவன்தான். வெளியே வந்தது உடம்பு மட்டும்.

அதற்குப் பிறகு செல்வி கெஞ்சாத நாள் இல்லை. அவனும் தலையைத் தலையை ஆட்டுவான். தண்ணீர் வந்த அன்றைக்குப் பார்த்தால் அரைக்கால் சட்டையோடு பாலத்தின் மேல் நிற்பான். யோசித்து யோசித்து அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். வருஷம் முழுக்க ஒருத்தரும் மதிக்காத ஆளை அன்றைக்கு மட்டும் ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறது. கூட்டம் பார்க்கிறது, இது குதிக்கிறது. வேடிக்கையைக் கெடுத்துவிட்டால் வினையும் போய்விடும்.

பூமிநாதன் வீட்டுக்கே போனாள்.

"அண்ணே, இந்த வருஷம் ஊரு வர்றதுக்கு முன்னாடி எல்லாப் பலகையையும் தண்ணிக்கு மேல தூக்கிடுங்க."

"ஊரு என்னைய ஏசும்மா."

"ஏசுனா ஒங்களுக்குக் காதுதான் வலிக்கும். எனக்குத் தாலி போயிடும்ண்ணே."

அந்த மனுஷர் அப்படியே செய்தார். ஊர் வந்து பார்க்கும்போது ஆறு மட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. முங்கவும் இடமில்லை, நுழையவும் சந்தில்லை. முழங்கால் தண்ணிக்கு இந்த அலங்காரம் எதுக்கு சித்தப்பா என்று பயல்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். செல்வி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போலகத்தில் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று கிளம்பினான். திரும்பி வரும்போது சட்டை ரத்தத்தில் முதுகோடு ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் முதுகு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்திருக்கிறது. அங்கே ஆள் நடமாட்டமில்லாத பழைய மதகு ஒன்று உண்டு. லஸ்கரும் கிடையாது, வாழைக்கட்டையும் கிடையாது. அதில் போய் நுழைந்திருக்கிறான். உள்ளே சொருகிக் கிடந்த மூங்கில் கிழித்துவிட்டது. அது கழுத்தில் சிக்கியிருந்தால் கேட்க நாதியில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டிவந்து படுக்கவைத்த பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

"ஆளே இல்லாத எடத்துல யாருக்குக் காட்டப் போனீங்க?"

"காட்டவா? நான் என்னைக்குடி காட்டப் போனேன்?"

"பின்ன எதுக்கு?"

குப்புறக் கிடந்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "உள்ள போயிட்டா யாரும் என்னையக் கூப்புட முடியாது, செல்வி" என்றான்.

"நானுமா?"

"கொஞ்ச நேரந்தானே."

காலையில் எழுந்ததிலிருந்து சிலிண்டருக்கும் குழாய்த் தண்ணிக்கும் அவனை எத்தனை தடவை கூப்பிடுகிறோம் என்று அவள் அதுவரைக்கும் நினைத்துப் பார்த்ததில்லை. குழம்புச்சட்டியை இறக்கப் போகிறவள் மாதிரி அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுவருஷம் அவளே மறுபடி பூமிநாதனிடம் போனாள். ஒரு பலகையை மட்டும் தூக்குங்கள், சந்தில் குப்பை செத்தை இல்லாமல் பாருங்கள், கட்டையை உங்கள் கையாலேயே தள்ளுங்கள் என்றாள். போன வருஷம் அழுதவளா இப்படிப் பேசுகிறது என்று அவர் கேட்டார். ஆளில்லாத மதகுக்கு இது மேல் என்றாள்.

கட்டை முழுசாக வந்தது. அவன் குதித்தான். செல்வி இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் துண்டோடு நின்றாள். புருஷன் சாகசத்தைக் கிட்டே நின்று பார்க்க ஆசை பாரேன் என்று கரையில் ஒருத்தி சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. உடம்பாக வந்தாலும் ஆறு கொண்டுபோகாமல் பிடிக்கத்தான் நிற்கிறாள் என்று அந்தக் கரைக்காரியிடம் யார் சொல்வது?

தலை வெளியே வந்தது. கண் மூடியிருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிற வரைக்கும் அது இருந்தது.

துண்டை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்றான்.