நேசமலர் தெரிந்தெடுத்த இரண்டு மாதங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்துமணியளவில் ஆய்வுகூட வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நேசமலரின் தங்கை சுகிர்தம். மானிப்பாயிலிருந்து ஒரே மூச்சில் மிதித்து வந்திருந்தார். சைக்கிளைச் சாத்தாமல், கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னார்.

"அக்கா மோசம் போட்டா, அண்ணை. விடியக் காலமை. முதல் உங்களுக்குச் சொல்லச் சொல்லி அம்மா அனுப்பினவ."

சுகிர்தம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னும் இரண்டு வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பிப் போனார்.

எங்களோடு எண்பத்துமூன்றில் மருத்துவ பீடத்துக்குள் நுழைந்தவர்களில் பாதிப்பேர் இன்று இந்த மண்ணில் இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உங்களுக்கு நேசமலர் மறைந்த செய்தி எப்போது வந்து சேருமோ தெரியாது. நோயியல் துறைக்கு, நாங்கள் சொல்வதுபோல் பதோலொஜிக்கு, எங்கள் வகுப்பிலிருந்து வந்தவர்கள் நேசமலரும் நானும் மட்டுந்தான். ஆகவே அவரைப்பற்றி எழுதும் கடமை என்னிடம் வந்திருக்கிறது.

அவர் நோயியலுக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வருடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். தெல்லிப்பழையில் அவருடைய தகப்பனார் கணித ஆசிரியர். மகள் குழந்தை வைத்தியராக வருவாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நேசமலர் மறுத்துக் கதைக்கவில்லை. மைக்ரோஸ்கோப் என்ற நுணுக்குக்காட்டி முன்னால் போய் இருந்துவிட்டார்.

எண்பத்தெட்டில் எங்களுக்கு எலெக்டிவ் வந்தது. இரண்டு மாதம், மாதத்துக்கு ஒன்றாக, விரும்பிய பிரிவில் வேலை பழகலாம். அறிவித்தல் பலகையில் ஒட்டிய தாளில் பெயரை எழுத வேண்டும். நான் இரண்டு மாதத்துக்கும் நோயியல் ஆய்வுகூடம் என்று எழுதினேன். நேசமலரின் பெயருக்கு எதிரே முதல் மாதம் சத்திரசிகிச்சைக் கிளினிக் என்றும், இரண்டாம் மாதம் பெண்நோயியல் வார்ட் என்றும் இருந்தது. யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"நீர் பதோலொஜி செய்யப்போறன் எண்டுதானே சொன்னனீர்? பிறகேன் உங்கை போறீர்?"

"செய்யப்போறபடியால்தான்" என்றார். "ஆய்வுகூடத்திலை இன்னும் முப்பது வருசம் இருக்கப்போறன். நோயாளியோடை இருக்க எனக்கு உந்த ரெண்டு மாதந்தான் கிடக்கு."

சும்மா சொன்ன பேச்சல்ல அது. அதற்கு முந்திய கிழமை அவர் ஆய்வுகூடப் பதிவேட்டை எடுத்துவைத்து, ஒரு வருடத்தில் எந்தப் பிரிவிலிருந்து எத்தனை மாதிரிகள் வந்தன என்று ஒரு கொப்பியில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். அதிகம் வந்த இரண்டு இடங்களையும் தெரிந்தெடுத்தார். மூன்றாவதாக வந்தது தோல்நோய்க் கிளினிக். மூன்றாவது மாதம் ஒன்று இல்லாததுதான் அவருடைய குறை.

என்னுடைய முதல் மாதத்தில் நடந்ததை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஆய்வுகூடத்தில் எனக்குத் தந்த வேலை, சதைத்துண்டு மாதிரிகளோடு வரும் போத்தல்களைப் பதிவது. ஒருநாள் வந்த ஒன்றின் படிவத்தில் பெயரும், 'கட்டி' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. வயதில்லை, எந்த இடத்துக் கட்டி என்றில்லை. விதிப்படி படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, போத்தலைத் தட்டில் வைத்தேன். படிவம் எங்கோ தவறிப்போனது. ஊரடங்கு, ஹர்த்தால் என்று நாட்கள் போயின. நான் அதை மறந்தே போனேன்.

மூன்றாம் கிழமை நேசமலர் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். கோபமில்லை. "ஒருக்கா வாரும்" என்றார். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், மர வாங்கில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார். வல்வெட்டித்துறை. கணவர் கடற்றொழிலாளி. மார்பில் கட்டி. ஒவ்வொரு கிளினிக் நாளும் இரண்டு பஸ் மாறி வந்து, முடிவு வரவில்லை என்று கேட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். நேசமலர் என்னை யாரென்று சொன்னதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களோ தம்பி என்ரை போத்திலை வச்சிருக்கிறனியள்?"

குற்றம் சாட்டும் குரலே அல்ல. பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்பது போலிருந்தது. நான் அங்கேயே புதுப் படிவம் எடுத்து, அவரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியையும் நிரப்பினேன். அன்று பின்னேரமே வேலை தொடங்கியது. புற்றுநோய்தான், ஆனால் பரவியிருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த அம்மா இன்றும் வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறார்.

அடுத்தநாள் பலகையில் என்னுடைய இரண்டாம் மாதத்தை வெட்டிவிட்டு, எங்கே போகலாம் என்று நேசமலரிடமே கேட்டேன்.

"ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போம். சேர்ஜன் வெட்டுறதைப் பாக்க இல்லை. வெட்டினது எப்பிடி எங்களிட்டை வந்து சேருது எண்டு பாரும். நேரம் கிடைச்சால் எக்ஸ்றே அறையிலை போய் நில்லும். எலும்பை எக்ஸ்றே பாக்காமல் வாசிக்கப்படாது."

இந்தக் கடைசி வசனத்தை நான் மறந்தேன். தொண்ணூற்றிரண்டில் அதற்கான நாள் வந்தது.

அப்போது இருவரும் இதே ஆய்வுகூடத்தில் வைத்திய அதிகாரிகள். மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலில் மாதிரிகளை வாசித்தோம். மழை இருட்டினால் வேலையும் நின்றது. எங்கள் நிபுணர் கொழும்புக்குப் போனவர் பாதை மூடியதால் திரும்ப முடியாமல் இருந்தார். அந்த நேரத்தில் உடுப்பிட்டியைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியின் கால் எலும்பிலிருந்து எடுத்த துண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே வீக்கம், ஒரு மாத நோவு. நான் பார்த்தேன். நெருக்கமாக உயிர்க்கலங்கள், பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள், பிஞ்சு எலும்பு. எலும்புப் புற்றுநோய் என்று எழுதினேன். அப்படியென்றால் காலை எடுக்க வேண்டும். வேறு வைத்தியம் அப்போது இங்கே இல்லை.

அனுப்புமுன் நேசமலரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நடுவிலை பொல்லாததுதான். ஆனா ஓரத்துக்குப் போகப் போக எலும்பு ஒழுங்காய் முத்திக்கொண்டு வருகுது. எக்ஸ்றே பாத்தனீரோ?"

"ஃபிலிம் தட்டுப்பாடு. எடுக்கேல்லையாம்."

"பிள்ளையைப் பாத்தனீரோ?"

அவர் எழுந்து வார்ட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

எதைக் கேட்டாலும் தாய்தான் மறுமொழி சொன்னார். விழவில்லை, அடிபடவில்லை, தானாக வந்த வீக்கம். நேசமலர் தாயை மருந்துத் துண்டு ஒன்று வாங்கிவர அனுப்பினார். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அம்மா போட்டா. இனிச் சொல்லு" என்றார்.

பிள்ளை வாசலைப் பார்த்தது. "அம்மா போகவேண்டாம் எண்ட நாள் சிநேகிதி வீட்டை போனனான். குண்டு போடுற பொம்பர் வந்தது. பங்கருக்குள்ளை குதிக்கேக்கை கால் மடங்கினது. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்."

"சொல்லமாட்டன்" என்றார் நேசமலர்.

அதன் பிறகு ஒரு எக்ஸ்றே ஃபிலிமுக்காக அவர் யார் யாரிடம் போனார் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. மூன்றாம் நாள் ஃபிலிம் கிடைத்தது. எலும்பில் மயிர்போன்ற ஒரு வெடிப்பு; அதைச் சுற்றி எலும்பு தானாகப் பொருந்திக்கொண்டிருந்தது. காயம் ஆறிவரும் எலும்பைத்தான் நான் புற்றுநோய் என்று வாசித்திருந்தேன். சத்திரசிகிச்சை நிபுணர் ஆறு கிழமை பொறுத்தார். வீக்கம் வற்றியது. பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனாள். தாய்க்கு நாங்கள் சொன்ன காரணம், 'காயம்' என்ற ஒரு சொல் மட்டுமே.

நான் எழுதிய தாளை நேசமலர் என்னிடமே தந்தார். கிழித்துப் போடச் சொல்லவில்லை, வைத்திருக்கச் சொல்லவுமில்லை. அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை.

சென்ற வருடம் அவருடைய கழுத்தில் ஒரு நிணநீர்க் கணு வீங்கித் தடித்தது. எடுத்து அனுப்பினார்கள். அது என் மேசைக்குத்தான் வந்தது. படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, அவரே நிரப்பியிருந்தார். நான் வாசித்தேன். புற்றுநோய்தான்; இந்த முறை பிழையில்லை. கொழும்பிலிருந்து திரும்பியிருந்த எங்கள் நிபுணரும் பார்த்து அதையே சொன்னார். நேசமலர் இரண்டு விறாந்தை தள்ளி வார்ட்டில் இருந்தார். நான் போகவில்லை. முடிவை எழுதி, உறையிலிட்டு, ஆளிடம் கொடுத்து அனுப்பினேன்.

கொழும்புக்கு இரண்டு தடவை வைத்தியத்துக்குப் போய்வந்தார். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, லொறியிலும் பஸ்ஸிலும் போன பயணங்கள். மூன்றாம் தடவை வேண்டாம் என்றுவிட்டார். போன மாதம் மானிப்பாய் வீட்டுக்குப் போனேன். தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்தபின் அவர்கள் இருந்த வாடகை வீடு. நன்றாக மெலிந்திருந்தார். ஆய்வுகூடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு கேட்டார்.

"என்ரை றிப்போட்டை எழுதேக்கை ஏன் என்னை வந்து பாக்கேல்லை?"

"முகத்தைப் பாத்தால் எழுத ஏலாமல் போயிடும் எண்டு பயந்தனான்."

"நான் நீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு என் கையைத் தட்டி, "சரி, இண்டைக்கு வந்திட்டீர்தானே. தேத்தண்ணி குடியும்" என்றார்.

இப்போது நான் முடிவு எழுதுமுன் எழுந்து வார்ட்டுக்குப் போகிறேன். கட்டிலருகே இருந்து, பெயரைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நேசமலரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கந்தான். அவருக்கு மட்டும் அதைச் செய்யாமல் விட்டேன். அவர் திருப்பித் தந்த தாளோடு அந்தக் குறையையும் நான் வைத்திருக்கிறேன்.