மூன்று விண்ணப்பங்கள்

அருங்காட்சியகத்தில் பட்டியல் எழுதும் வேலை அவளுக்கு. ஊர்ப் பெரிய மனிதர்கள் அங்கி அணிந்து கூடிவந்த, பிறகு சேர ஆளில்லாமல் மூடப்பட்ட சகோதரர் சங்கம் ஒன்றின் சாமான்கள் ஒருநாள் அவள் மேசைக்கு வந்தன: ஜரிகை வைத்த அங்கிகள், ஓர் ஓட்டுப் பெட்டி, பதினோரு கூட்டக் குறிப்பேடுகள். அந்த அங்கிகளைத் தைத்தவர் அவளுடைய அப்பா. "என்னையும் சேரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினாங்க, நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

நான்காம் குறிப்பேட்டில் அவர் பெயர் இருந்தது. தையல்காரர், சேர விண்ணப்பம், கறுப்பு உருண்டை ஒன்று, நிராகரிப்பு. பெட்டிக்குள் எல்லோரும் வெள்ளை உருண்டை போட்டாலும், யாராவது ஒருவர் கறுப்பைப் போட்டுவிட்டால் கதவு சாத்தியதுதான். அடுத்த வருடமும் அதே கதை. அதற்கடுத்த வருடமும்.

அன்று மாலை அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"தெரியும்டி. மூணு தடவையும் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தது நான்தானே?"

"அப்புறம் ஏம்மா வாயே திறக்கல?"

"அந்தக் கதையைச் சொல்றப்போ அவர் முகத்தைப் பாத்திருக்கியா? கெடுக்க மனசு வரல."

மறுநாள் அந்தப் பக்கங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாமா என்று அவள் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு தேதி, தொழில், முடிவு எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுதினா எழுதிட்டுப் போ. அசராம மூணு தடவை கேட்டாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்றாள்.