ஜீவனாம்சம் நின்றது

அவர் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விவாகரத்து ஆன பிறகும் அது வாயில் வந்ததில்லை. அதனால் இங்கேயும் அவர் என்றே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் தொடங்கிய மனக்கசப்பு கோர்ட்டில் போய் முடிந்தபோது எனக்கு நாற்பது வயது இருக்கும். ஓசூரில் ஃபேக்டரிகள் வரத் தொடங்கியிருந்த காலம். அவருக்கு ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. மாதாமாதம் எனக்கு ஜீவனாம்சம் தரச் சொல்லி உத்தரவானது. மணியார்டர் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதில் அவரைக் குறை சொல்லக்கூடாது.

நான் ஓசூரை ஒட்டிய ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போனேன். ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். கூலி சாப்பாட்டுக்கு, அவர் பணம் வாடகைக்கு. பதினெட்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஈரத்தில் நின்று நின்று முட்டி போனது. கண்ணிலும் புரை விழுந்தது. மொட்டைத் தடவித் தடவி வெட்டுகிறேன் என்று மேஸ்திரி கண்டுகொண்டார். நல்ல மனிதர்தான். ஒருநாள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அதன்பின் மாதாமாதம் வந்த மணியார்டர் ஒன்றுதான் ஆதாரம்.

அந்த வருஷமே கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. ஐந்தாவது வரை படித்த எனக்குக் கண் தெரியாது. பக்கத்து அறையில் இருந்த ஃபேக்டரி ஆபரேட்டரின் மனைவிதான் படித்துச் சொன்னாள். வாட்ச்மேன் வேலையிலிருந்து அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருந்துக்கும் பார்த்துக்கொள்கிற ஆளுக்குமே வருவது போதவில்லை, ஆகவே ஜீவனாம்சத்தை நிறுத்தவேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அந்தப் பெண்ணே ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனாள். வக்கீல் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இது பெரிய வழக்கில்லை என்றார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்பது நிஜம். உங்களுக்கும் முடியவில்லை, பிள்ளையில்லை, உடன்பிறந்த அண்ணனும் இறந்துவிட்டார். நீதிபதி கேட்பார், எனக்கு யாருமில்லை என்று சொல்லுங்கள், முழுவதும் நிற்காது என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்குக் கஷ்டம். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட இல்லை என்று சொல்லமாட்டோம், நிறைந்துபோச்சு என்போம். சின்ன வயதில் வாய் தவறி இல்லை என்று சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவார். அரிசிக்கே சொல்லாத வார்த்தையை எனக்கு எப்படிச் சொல்லிக்கொள்வது? அறையில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

விசாரணை அன்று காலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பேரிகையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கைதான் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவள் விதவை. இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். இஸ்திரி போடாத சட்டையோடு தெருவில் இறங்காத மனிதர். அன்றைக்குச் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வழிந்ததைத் தங்கை முந்தானையால் துடைத்துவிட்டாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நீதிபதி தெற்கத்திக்காரர். என்னைக் கூப்பிட்டு வயது கேட்டார், வேலை கேட்டார். பிறகு, "உங்களப் பாத்துக்கிட ஆளு உண்டாம்மா?" என்றார்.

கோர்ட் முழுக்க ஆட்கள். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலியிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறாங்க சார்."

"யாரு?"

"சொந்தக்காரங்க."

வக்கீல் எழுந்து, பயத்தில் மாற்றிச் சொல்கிறார் என்றார். நீதிபதி மறுபடி பொறுமையாகக் கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்கு முன்பே உத்தரவு ஆகிவிட்டது. இனி பணம் வராது.

வக்கீல் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தைம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணி, யாரு இருக்கறாங்க உங்களுக்கு?"

என் அண்ணன் சாவுக்கு வந்துபோனவள் அவள். அவளுக்குத் தெரியாததா?

"எனக்கும் முடியல அண்ணி. அவர தூக்கித் தூக்கி இடுப்பே போயிடுச்சு. நாந்தான் மனுப் போடச் சொன்னேன். அவரு வேணான்னுதான் சொன்னாரு," என்றாள்.

அதற்குள் அவர் ஆட்டோவிலிருந்து ஏதோ சொன்னார். குழறலாக இருந்ததால் எனக்கு விளங்கவில்லை. அவள் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காசு இருக்குதான்னு கேக்கறாரு."

"இருக்குதுன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க அண்ணி. காது நல்லாதான் கேக்குது."

பதினெட்டு வருஷமாக அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கிட்டே போய், இருக்குதுங்க என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டோ கிளம்பியது.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டு, சிங்காரப்பேட்டையில் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டி இடம் ஒதுக்கித் தந்தார்கள். மரியாதைக் குறைவாக யாரும் நடத்தவில்லை. ஆனாலும் இரண்டாவது தரம் சோறு கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. அவருக்காக விட்டுக்கொடுத்தாயா என்று பெரியம்மா மகள் ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். அப்படியில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கருமாதியெல்லாம் முடிந்து பல நாள் கழித்து, பேரிகைப் பக்கம் தக்காளி எடுக்கப் போய்வந்த வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குச் சேதி சொல்லிவிட வேண்டும் என்கிற முறை அங்கே யாருக்கும் இல்லை. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல், வெகுநேரம் கிணற்றடியில் நின்றிருந்தேன்.