விதுர்ஷா கமராவைத் தூக்கினால்

அந்தப் பள்ளிக்கூடத்தின் முகநூல் பக்கத்தைப் புதிதாகப் பார்க்கிற எவரும் மட்டக்களப்பு வாவிக்கரையில் இப்படியும் ஓர் ஆனந்தமான பள்ளிக்கூடமா என்று மயங்கிப்போவார். சரஸ்வதி பூசையில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரமதானத்தில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். டெங்கு விழிப்புணர்வு ஊர்வலத்திலும் அதே சிரிப்பு. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கத்தாரும் இழுப்பதை விட்டுவிட்டுப் பல்லைக் காட்டுகிறார்கள். இவ்வளவுக்கும் பொறுப்பு உயர்தர வகுப்பு மாணவி விதுர்ஷா. ஊடகக் கழகத்தில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்தான். ஆனால் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த கமரா ஒன்றே ஒன்று. அதன் பட்டி அவளுடைய கழுத்தை விட்டு இறங்கினதை ஒருவரும் கண்டதில்லை.

அவளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆரம்பத்தில் அவளும் ஓடுகிற பிள்ளையை ஓடுகிறபடியே எடுத்தவள்தான். கபடிப் படம் ஒன்றைப் பக்கத்தில் போட்ட அன்று பின்னேரமே தெய்வமணி விதுர்ஷா வீட்டுப் படலையடிக்கு வந்துவிட்டார். தெய்வமணி அதே தெருவில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவருடைய மகன் நிலோஜன் விதுர்ஷாவின் வகுப்பில்தான் படிக்கிறான்.

"மனே, எல்லாப் புள்ளையளுக்கும் முகம் இரிக்கி. எண்ட மகனுக்கு மட்டும் முதுகா?"

"மாமி, அவன் மற்றப் பக்கம் பாய்ஞ்சவன்."

"பாய முதல் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே. திரும்பியிருப்பான்தானே."

தெய்வமணி தொடக்கிவைத்ததை மற்றத் தாய்மாரும் பிடித்துக்கொண்டார்கள். கடையில், கோயிலில், தனியார் வகுப்பு வாசலில், எங்கே கண்டாலும் தங்கள் பிள்ளையின் முகம் எங்கே என்று கேட்டார்கள். விதுர்ஷாவுக்கு வெறுத்துப்போயிற்று. அன்றிலிருந்து கமராவைத் தூக்கினால் இடது கையையும் உயர்த்தி, "இஞ்ச பாருங்க, சிரியுங்க!" என்று ஒரு சத்தம் வைப்பாள். சில மாதத்தில் சத்தமும் தேவைப்படவில்லை. கமரா உயர்ந்தால் போதும், பள்ளிக்கூடமே நின்று சிரித்தது.

தாய்மாருக்குச் சந்தோஷம். அவளுக்குத்தான் இல்லை. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வருகிற படங்களைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த ஆட்கள் கமராவையே மறந்து பந்துக்குப் பாய்கிறார்கள். அப்படி ஒரு படம், ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. ஆனால் ஊர் முழுவதையும் சிரிக்கப் பழக்கியவளும் அவளேதான்.

பிள்ளைகளை இல்லங்கள் என்று அணி பிரித்து நடத்துகிற இந்த வருடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் அதன் பலனை எல்லோரும் கண்டார்கள். கடைசி ஓட்டம் ஆயிரத்தைந்நூறு மீற்றர். நெய்தல் இல்லமும் மருதம் இல்லமும் புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றன. நெய்தலுக்கு நிலோஜன், மருதத்துக்கு சுபாகரன். கடைசிச் சுற்றில் நிலோஜன் நன்றாக முன்னுக்கு வந்துவிட்டான். விதுர்ஷாவும் நெய்தல் இல்லம்தான். கையில் ஒரு வெற்றிப் படம் விழப்போகிறது என்ற அவசரத்தில் முடிவுக்கோட்டுக்கு நேரே போய்க் குந்தி, கமராவைத் தூக்கினாள்.

நிலோஜன் கமராவைக் கண்டான். அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தான். ஒரு கையால் தலைமயிரைக் கோதினான். நெஞ்சை நிமிர்த்தி, வெற்றி விரல் இரண்டையும் காட்டி, அழகாகச் சிரித்தான். அவனைச் சுற்றிக்கொண்டு போன சுபாகரன் ரிபனை அறுத்துவிட்டான்.

படம் என்னவோ அற்புதமாக வந்திருந்தது. நிலோஜனின் பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால், சற்று மங்கலாக, சுபாகரன் வென்றுகொண்டிருந்தான்.

நெய்தல் இல்லத்துப் பிள்ளைகள் கட்டியிருந்த பந்தலை அவிழ்க்கும்போது ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் அழகரத்தினம் சேர் நேரே வந்து கையை நீட்டினார்.

"கமராவக் குடு."

"சேர், நான் சிரிக்கச் சொல்லல்ல சேர்."

"நீ சொல்லத் தேவல்ல புள்ள. ஒன்னக் கண்டா இந்தப் பள்ளிக்கூடத்துல மாடும் நிண்டு சிரிக்கும்."

கமரா சேரின் அலுமாரிக்குள் போய்விட்டது. விதுர்ஷாவுக்குக் கழுத்து வெறுமையாக இருந்தது. சோறு இறங்கவில்லை. முதல் இரண்டு இடத்தையும் பிடித்தவர்கள் என்பதால் நிலோஜனும் சுபாகரனும் வலய மட்டப் போட்டிக்குப் போக இருந்தார்கள். அந்த ஓட்டத்தையும் விட்டால், பிறகு பரீட்சை, பிறகு பள்ளிக்கூடமே முடிந்துவிடும். அவள் சேரின் பின்னாலேயே திரிந்தாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கொண்டு போ. ஆனா நிலோஜன்ட கண்ணுல கமரா படக்கூடாது. பட்டுதெண்டா, நாளைக்கே வேற புள்ளைக்குக் குடுத்திருவன். மறுகா வந்து அழப்படாது."

வலயப் போட்டி நடந்த மைதானத்தில் ஒளிந்துகொள்ள ஒரு மரமும் இல்லை. இருந்ததெல்லாம் வெயிலும், கயிற்றுக்கு அப்பால் நின்ற சனமும், சனத்துக்கு நடுவே தெய்வமணி பிடித்திருந்த பெரிய கறுத்தக் குடையும்தான். விதுர்ஷா அதற்குள் புகுந்தாள்.

"மாமி, குடைய முன்னுக்கு ஒருக்காச் சரியுங்க. அவன் என்னக் காணக்கூடாது."

"காணாட்டி அவன் எப்பிடிகா இஞ்சால பார்ப்பான்? முகம் விழாதே!"

"இண்டைக்கு முகத்த விடுங்க மாமி. ஓடட்டும்."

தெய்வமணிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் மகன் வெல்ல வேண்டுமே என்று குடையைச் சரித்துக் கொடுத்தார். இவளை நம்பி இருக்க முடியாது என்று மற்றக் கையில் தன் போனையும் எடுத்து, மகனை வீடியோ பிடிக்க ஆயத்தமானார்.

ஓட்டம் தொடங்கியது. ஓட்டமாவடிப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் முதலிலேயே பிய்த்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பின்னால் நான்கைந்து பேர் ஒரே குவியலாக வந்தார்கள். நிலோஜன் கடைசி வளைவில் தலையைச் சுழற்றிப் பார்த்ததை விதுர்ஷா கண்டாள். கமராவைத்தான் தேடினான், பாவி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குடைக்குக் கீழே இன்னும் குனிந்தாள். தேடியது கிடைக்காத நிலோஜன் முன்னால் பார்த்தான். முன்னால் சுபாகரனின் முதுகு இருந்தது. அதன் பிறகு அவன் வேறொன்றையும் பார்க்கவில்லை. குடைத்துணியின் விளிம்புக்குக் கீழால் விதுர்ஷாவின் கமரா விடாமல் படபடவென்று அடித்தது.

நிலோஜன் சுபாகரனையும் முந்தி இரண்டாவதாக வந்தான். மாகாண மட்டப் போட்டிக்குப் போக அது போதும். கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து கிடந்துவிட்டு, எழுந்து நொண்டிக்கொண்டு தாயிடம் வந்தான். விதுர்ஷா கமராவின் திரையைக் காட்டினாள்.

வாய் கோணிப்போயிருந்தது. மூக்கு ஒழுகியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்து, கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தன.

"ஐயோ! அழி, அழி! இதப் போட்டாயெண்டா நான் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டன்."

தெய்வமணி கமராவை வாங்கினார். முகம், முகம் என்று இரண்டு வருடமாக ஊரைக் கலக்கிய மனிசி, திரையில் இருந்த அந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்பிடியாடா ஓடுற நீ?" என்றார் பிறகு. "விடிய வெள்ளன வாவிக்கரைக்குப் போறானே, போன் நோண்டத்தான் போறான் எண்டு நான் நாளாந்தம் ஏசினன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஒருத்தரும் அழிக்கப்படாது. இத நான் பெரிசாக்கி வீட்டுல மாட்டுவன்."

தான் ஆசைப்பட்ட படம் இதுதான் என்று விதுர்ஷாவுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

நிலோஜன் விடுவானா? தாயின் வீடியோவிலாவது தான் அழகாக இருப்பேன் என்று போனைப் பறித்துத் தட்டினான். அதில் நிலோஜனும் இல்லை, மைதானமும் இல்லை. தெய்வமணி பதற்றத்தில் முன்பக்கக் கமராவை அழுத்தியிருந்தார். குடையின் உட்புறம் தெரிந்தது. "ஓடுடா, ஓடுடா" என்று கத்துகிற தெய்வமணியின் வாய் தெரிந்தது. பக்கத்தில், ஒரு கண்ணை இறுக மூடி, கன்னம் இரண்டும் ஊதி, கடைவாயில் நாக்கைத் துருத்திக்கொண்டு விதுர்ஷா.

எட்டிப் பார்த்த அழகரத்தினம் சேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமி, அத அழிங்க. தயவுசெஞ்சு அழிங்க!"

"ஏன்?" என்றான் நிலோஜன். "முகம் நல்லாத் தெரியிதுதானே."

அவள் போனைப் பறிக்கப் போனாள். பிறகு நிறுத்தி, ஒருதரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் அவ்வளவு படங்கள் இருந்தும் அவள் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு காலமும் கமராவுக்குப் பின்னால் தான் எப்படி இருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நிலோஜனின் கோணல் வாயும் தன்னுடைய துருத்திய நாக்கும் ஒரே இனம் என்று பட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடப் பக்கத்தில் நிலோஜனின் படமும் தெய்வமணியின் வீடியோவிலிருந்து எடுத்த படமும் ஒன்றாக வந்தன. மூன்று முகங்கள். ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை.